ஒரே சீனா, திசைக்கொரு முகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சீனாவின் வெளியுறவு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் அடிக்கடி வந்தவை இவை. ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஆப்பிரிக்காவில் ரயில்பாதை போட்டுத் தருகிறது. பிலிப்பைன்ஸ் படகின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறது. சீனாவுக்கு ஒரே கொள்கைதானா, நாட்டுக்கு நாடு மாறுமா?

பதில்: பேரம் பேசவே முடியாத சில விஷயங்கள் சீனாவுக்கு உண்டு. தைவான், திபெத், வடமேற்கில் உள்ள சிஞ்சியாங், கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்சி ஆகியவை இந்தப் பட்டியலில் வெளிப்படையாகவே இருக்கின்றன. தென்சீனக் கடலும் நடைமுறையில் அங்கே வந்து சேர்ந்துவிட்டது. இவை எல்லாத் திசைக்கும் பொது. இந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பது எதுவானாலும் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம் மாறும்.

எல்லைத் தகராறுகளைப் பாருங்கள். நிலவழியில் சீனாவுக்கு 14 அண்டை நாடுகள். அவற்றில் 12 நாடுகளோடு எல்லையைப் பேசி முடித்துவிட்டது. மிச்சம் இந்தியாவும் பூடானும்தான். தஜிகிஸ்தானிடம் 28,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் உரிமை கோரி வந்த சீனா, 2011இல் சுமார் 1,000 சதுர கிலோமீட்டரோடு கணக்கை முடித்துக்கொண்டது. சிஞ்சியாங்கின் மேற்குப் புறம் அமைதியாக இருப்பது அந்தப் பாமிர் மலை நிலத்தைவிடப் பெரிது என்று கருதியதால் விட்டுக்கொடுத்தது. அதே சீனா, தென்சீனக் கடலில் அலை ஏறினால் மூழ்கிப்போகும் பாறைக்கும் இறங்கி வருவதில்லை. ஆகவே, ஒரு செய்தியைப் படித்ததும் முதலில் பார்க்க வேண்டியது, சர்ச்சைக்குரிய பொருள் அந்த மூடிய பட்டியலில் இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால் சமரசத்தை எதிர்பார்க்க வேண்டாம். இல்லையென்றால் பேரம் பேசலாம். பேசியவர்கள் பலன் அடைந்தும் இருக்கிறார்கள்.

கேள்வி: கடனைக் கட்ட முடியாததால் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனா எடுத்துக்கொண்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இது உண்மையா?

பதில்: பாதி உண்மை. தவறான பாதிதான் அதிகம் பரவியிருக்கிறது என்பதால் கணக்கை வரிசையாகப் பார்ப்போம்.

துறைமுகத்தின் முதல் கட்டத்துக்குச் சீன அரசின் ஏற்றுமதி–இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கி 2007இல் 30.7 கோடி டாலர் கடன் தந்தது. வட்டி 6.3 சதவீதம். இரண்டாம் கட்டத்துக்கு 2012இல் சுமார் 75 கோடி டாலர், 2 சதவீத வட்டியில். துறைமுகம் 2010 நவம்பரில் திறக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டு முழுவதும் அங்கே வந்தவை 34 கப்பல்கள். அதே ஆண்டு கொழும்புக்கு வந்தவை 3,600க்கும் மேல். வருமானம் வராததற்குக் காரணம் இங்கேயே இருக்கிறது. மொத்தச் சரக்கு, எரிபொருள் நிரப்புதல் என்று சிறிதாகத் தொடங்கி, போக்குவரத்து கூடியபின் கொள்கலன் முனையம் கட்டலாம் என்பதே முந்தைய சாத்தியக்கூறு ஆய்வு காட்டிய வழி. அரசியல் அவசரம் அந்த வரிசையைக் குலைத்தது. இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் காலக்கெடு வைத்ததும் இலங்கை அரசுதான்.

2017 ஜூலையில் சைனா மெர்ச்சன்ட்ஸ் போர்ட் நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை. அதற்காக வந்த தொகை 112 கோடி டாலர். இந்தப் பணத்தால் துறைமுகக் கடன் ரத்தாகவில்லை. கடன் இலங்கைத் திறைசேரியின் கணக்கிலேயே தொடர்ந்தது. வந்த டாலர் அந்நியச் செலாவணிக் கையிருப்பைத் தாங்கப் போனது. அந்த நேரத்தில் இலங்கையின் கழுத்தை நெரித்தவை சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்கள். இலங்கை 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அறிவித்தபோது, வெளிக்கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தப் பத்திரங்கள்தான். சீனாவின் அரசு வங்கிகள் எல்லாவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

"கடனுக்குப் பதிலாகத் துறைமுகம்" என்பது ஒப்பந்தத்தில் இல்லாத செய்தி. ஆனால் டாலர் தட்டுப்பாட்டில் இருந்த ஒரு நாடு, ஒரு நூற்றாண்டுக்குத் தன் கடற்கரையில் ஓர் இடத்தை வாடகைக்கு விட்டது என்பது முழு உண்மை. அதன் விளைவு 2022 ஆகஸ்டில் தெரிந்தது. செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் பின்தொடரும் யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வர அனுமதி கேட்டது. இந்தியா ஆட்சேபித்தது. கொழும்பு முதலில் தள்ளிப்போடச் சொன்னது. சில நாள் கழித்து அனுமதித்தது. துறைமுகத்தின் பாதுகாப்புப் பொறுப்பு ஒப்பந்தப்படி இலங்கையிடம்தான் இருக்கிறது. இருந்தும், கடன் மறுசீரமைப்புக்காகப் பெய்ஜிங்கின் கையொப்பத்துக்குக் காத்திருக்கும் அரசு எவ்வளவு உறுதியாக "வேண்டாம்" என்று சொல்லிவிட முடியும்? எங்கள் கவலை இந்த இடத்தில்தான்.

கேள்வி: அப்படியானால் ஒரு சீனக் கடன் ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை எவை? பத்திரிகையில் தொகை மட்டும்தான் வருகிறது.

பதில்: தொகைதான் அதில் மிகக் குறைவாகச் சொல்லும் எண். முதலில் எந்த வாசல் வழியாக வந்த கடன் என்று பாருங்கள். எக்ஸிம் வங்கியின் சலுகைக் கடன் என்றால் வட்டி பெரும்பாலும் 2 சதவீதம். அடைக்க 20 ஆண்டு அளவில் அவகாசம் உண்டு. ஏற்றுமதிக்கான வணிகக் கடன் என்றால் வேறு கதை. திட்டச் செலவில் 15 சதவீதத்தைக் கடன் வாங்கும் நாடு முன்பணமாகப் போட வேண்டும். மீதி 85 சதவீதம்தான் கடன். வட்டி சந்தையோடு ஏறி இறங்கும். சினோஷ்யூர் என்ற அரசுக் காப்பீட்டு நிறுவனத்துக்கான கட்டணமும் கடன் வாங்குபவர் தலையில்தான் விழும். அமெரிக்க மத்திய வங்கி 2022இல் வட்டியை உயர்த்தத் தொடங்கியதும் பல நாடுகளின் தவணை எகிறியது இதனால்தான்.

அடுத்தது அடைமானம். நிலமோ கட்டடமோ அடைமானமாக இருப்பது அபூர்வம். அதற்குப் பதிலாக, எண்ணெய் விற்ற பணமோ சுங்கக் கட்டணமோ வந்து விழும் ஒரு தனி வங்கிக் கணக்கு இருக்கும். அதில் எப்போதும் இவ்வளவு இருப்பு இருக்க வேண்டும் என்று விதிப்பார்கள். தவணை தவறினால் வங்கி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அங்கோலாவின் எண்ணெய்க் கடன்கள் இந்த வகை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த நாட்டின் கையிருப்பு அதிகம்போல் தெரியும். உண்மையில் அது பூட்டிய பணம்.

மூன்றாவது, இரகசியக் காப்பு. ஒப்பந்த விவரத்தைக் கடன் வாங்கியவர் வெளியிடக் கூடாது என்ற பிரிவு 2014க்குப் பிந்தைய ஒப்பந்தங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. கடன் தந்த நாடுகள் சேர்ந்து பேசும் பாரிஸ் கிளப் போன்ற கூட்டுப் பேச்சுவார்த்தையில் இந்தக் கடனைச் சேர்க்கக் கூடாது என்ற பிரிவும் பலவற்றில் உண்டு. சீன வளர்ச்சி வங்கியின் ஒப்பந்தங்களில், தூதரக உறவை முறித்தாலே கடன் தவறியதாகக் கருதலாம் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். வழக்கென்று வந்தால், எக்ஸிம் வங்கிக் கடனுக்குச் சீனச் சட்டம், தீர்ப்பாயம் பெய்ஜிங்கில்.

இரகசியத்தால் என்ன கெடும் என்பதற்கு ஜாம்பியா சாட்சி. 2020 நவம்பரில் பத்திர வட்டி கட்டத் தவணை நீட்டிப்புக் கேட்டது. சீன வங்கிகளுக்கு எவ்வளவு, எந்த விதியில் கடன் என்று தெரியாமல் நாங்கள் சலுகை தந்தால் எங்கள் பணம் அவர்களுக்குத்தான் போகும் என்று பத்திரதாரர்கள் மறுத்தார்கள். ஜாம்பியா திவால் நிலைக்குப் போனது. அரசுக் கடன்காரர்களோடு 630 கோடி டாலருக்கு உடன்பாடு வர 2023 ஜூன் ஆயிற்று. பத்திரதாரர்களோடு முடிய இன்னும் ஓராண்டு. அந்த மூன்றரை ஆண்டும் புதுக் கடனோ முதலீடோ ஒழுங்காக வராமல் மக்கள் பட்ட பாடு, ஒப்பந்தத்தின் ஒரு பத்தியில் தொடங்கியது.

கடைசியாக, வருமானம் எந்த நாணயத்தில் வருகிறது என்று பாருங்கள். கென்யாவின் மொம்பாசா–நைரோபி ரயில் 2017இல் ஓடத் தொடங்கியது. பயணச்சீட்டு ஷில்லிங்கில், கடன் டாலரில். ஷில்லிங் சரிய, தவணை ஊதியது. 2025இல் கென்யா அந்தக் கடனை டாலரிலிருந்து யுவானுக்கு மாற்றியது. வட்டி குறைந்தது. நாணய ஆபத்து போய்விடவில்லை. டாலரிலிருந்து யுவானுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: கையொப்பம் போட்டபின் பேரம் பேச முடியுமா?

பதில்: முடியும். மலேசியா செய்து காட்டியது. கிழக்குக் கடற்கரை ரயில் திட்டத்தின் மதிப்பு 6,550 கோடி ரிங்கிட்டாக இருந்தது. 2018இல் ஆட்சி மாறியதும் மகாதீர் அரசு வேலையை நிறுத்தி வைத்தது. 2019 ஏப்ரலில் அது 4,400 கோடி ரிங்கிட்டாக இறங்கியது. உள்ளூர் ஒப்பந்தக்காரர்களுக்கு 40 சதவீதக் கட்டுமான வேலையும் கிடைத்தது. மியான்மரின் சாவ்க்பியூ துறைமுகம் 730 கோடி டாலர் திட்டமாகத் தொடங்கி, 2018 நவம்பரில் முதல் கட்டம் 130 கோடி டாலர் என்று சுருங்கியது. மியான்மரின் பங்கு 15இலிருந்து 30 சதவீதமானது.

இரண்டிலும் வேலை செய்தவை ஒரே காரணங்கள். கட்டுமானம் பெரிதாக முன்னேறியிருக்கவில்லை. திட்டத்தைக் கைவிட்டால் சீனாவுக்குப் பெயர் கெடும். ஒப்பந்தத்தைப் பத்தி பத்தியாகப் படிக்கத் தெரிந்த அதிகாரிகளும் வெளி ஆலோசகர்களும் மேசையில் இருந்தார்கள். கான்கிரீட் ஊற்றி முடித்தபின் பேசப் போனால் இந்த மூன்றில் முதலாவது கையில் இருக்காது.

கேள்வி: ஆப்பிரிக்காவில் சீனாவுக்கு என்ன கிடைக்கிறது? தாமிரமும் கோபால்ட்டும் மட்டும்தானா?

பதில்: கனிமம் பெரிது, அதைவிட முதலில் வந்தது வாக்கு. 1971 அக்டோபர் 25 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 76 நாடுகள் ஆதரித்து வாக்களித்ததால்தான் பெய்ஜிங் தைவானின் இருக்கையைப் பெற்றது. அந்த 76இல் 26 ஆப்பிரிக்க நாடுகள். அதே ஆண்டுகளில்தான் தான்சானியாவின் தாருஸ்ஸலாமிலிருந்து ஜாம்பியாவின் தாமிர வயல்கள்வரை 1,860 கிலோமீட்டர் ரயில்பாதையைச் சீனா வட்டியில்லாக் கடனில் போட்டுக்கொண்டிருந்தது. அன்று சீனாவே ஏழை நாடு. ஆப்பிரிக்கர்கள் அதை இன்னும் மறக்கவில்லை என்பதை மேலை நாட்டு விமர்சகர்கள் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. 1991 முதல் சீன வெளியுறவு அமைச்சரின் ஆண்டின் முதல் வெளிநாட்டுப் பயணம் ஆப்பிரிக்காவுக்குத்தான்.

இன்று 54 ஆப்பிரிக்க நாடுகளில் 53 பெய்ஜிங்கை அங்கீகரிக்கின்றன. எஸ்வாத்தினி மட்டும் தைவானோடு நிற்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடும் சீன–ஆப்பிரிக்க மாநாட்டில் அறிவிக்கப்படும் தொகையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024இல் அறிவித்தது 36,000 கோடி யுவான். அதில் 21,000 கோடி கடன் வசதி, 8,000 கோடி பல வகை உதவி, 7,000 கோடி நிறுவன முதலீடு. முதலீடு என்பது அரசு தரும் பணமல்ல. கடன் வசதி என்பது கேட்டால் கிடைக்கலாம் என்ற வாசல். உண்மையில் ஆப்பிரிக்காவுக்குப் போன சீனக் கடன் 2016இல் 2,800 கோடி டாலருக்கு மேல் உச்சம் தொட்டது. 2023இல் 500 கோடியைக்கூட எட்டவில்லை. திரும்பி வராத கடன்களைப் பார்த்த வங்கிகள் கையை இறுக்கிக்கொண்டன. பெரிய அணைக்கும் ரயிலுக்கும் பதில், சிறிய சூரிய மின் திட்டங்கள், தொலைத்தொடர்பு, சீனச் சந்தையில் சுங்க விலக்கு என்று போக்கு மாறியிருக்கிறது.

இராணுவம்? ஜிபூட்டியில் 2017இல் திறந்ததுதான் சீனாவின் முதல் வெளிநாட்டுத் தளம். அமெரிக்கத் தளத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான்.

கேள்வி: சவூதியையும் ஈரானையும் சேர்த்து வைத்த சீனா, 2025 ஜூனில் ஈரான் தாக்கப்பட்டபோது ஏன் சும்மா இருந்தது?

பதில்: 2016இல் முறிந்த சவூதி–ஈரான் தூதரக உறவு, 2023 மார்ச் 10 அன்று பெய்ஜிங்கில் மீண்டும் கையொப்பமானது. அதற்கு முன் ஈராக்கும் ஓமானும் இரண்டு ஆண்டு உட்கார வைத்துப் பேசியிருந்தன. பழம் பழுத்த நேரத்தில் சீனா கிளையைப் பிடித்தது. இரு தரப்பிடமும் எண்ணெய் வாங்கும் ஒரே பெரிய வல்லரசு என்பதால் இரண்டும் அதன் சொல்லுக்கு மரியாதை தந்தன. அது சாதனைதான், குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

போர் வேறு விஷயம். சீனாவுக்கு இராணுவ உடன்படிக்கை உள்ள நாடு ஒன்றே ஒன்று: வடகொரியா, 1961 முதல். ஈரானோடு 2021இல் போட்ட 25 ஆண்டு ஒப்பந்தத்தில் படை அனுப்பும் கடமை கிடையாது. ஈரானின் ஏற்றுமதி எண்ணெயில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கைச் சீனா வாங்கினாலும், அதே வளைகுடாவில் சவூதி, ஈராக், அமீரகம் ஆகியவற்றிடமும் வாங்குகிறது. ஒருவர் பக்கம் ஆயுதத்தோடு நின்றால் மற்றவரை இழக்க வேண்டும். ஆகவே கண்டன அறிக்கை, பாதுகாப்பு சபையில் போர்நிறுத்தத் தீர்மான வரைவு என்ற அளவில் நின்றது. நண்பர்களுக்குச் சந்தையும் வீட்டோவும் தருவது, உயிர் தராமல் இருப்பது என்பதே அதன் நெடுநாள் வழக்கம்.

கேள்வி: தென்சீனக் கடலில் சர்வதேசத் தீர்ப்பு வந்தும் பிலிப்பைன்ஸால் ஏன் ஒன்றும் செய்ய முடியவில்லை?

பதில்: 2016 ஜூலை 12 அன்று வந்த நடுவர் மன்றத் தீர்ப்பு, வரைபடத்தில் சீனா வரைந்த ஒன்பது கோட்டுக்குள் இருக்கும் கடல்வளத்துக்குச் சீனா சொல்லும் வரலாற்று உரிமைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்றது. தீர்ப்பை நிறைவேற்றக் காவலர் இல்லை. சீனா வழக்கிலும் பங்கேற்கவில்லை, தீர்ப்பையும் ஏற்கவில்லை. அதற்குள் ஃபயரி கிராஸ், சுபி, மிஸ்சீஃப் திட்டுகளில் மணல் கொட்டித் தீவாக்கி, ஓடுபாதையும் போட்டுவிட்டது.

முறையைக் கவனியுங்கள். போர்க்கப்பல் பின்னால் அடிவானத்தில் நிற்கும். முன்னால் வருபவை கடலோரக் காவல்படையின் வெள்ளைக் கப்பல்கள். அவற்றைச் சுற்றிலும் மீன்பிடிப் படகு உருவில் கடல் துணைப்படை. ஆயுதம், தண்ணீர் பீரங்கியும் மோதலும். துப்பாக்கி வெடிக்காதவரை 1951ஆம் ஆண்டு அமெரிக்க–பிலிப்பைன்ஸ் பாதுகாப்பு உடன்படிக்கை செயலுக்கு வருமா என்ற சந்தேகம் நீடிக்கும். அந்தச் சந்தேகத்தின் நிழலில்தான் எல்லாம் நடக்கிறது. 2024 ஜூன் 17 அன்று செகண்ட் தாமஸ் திட்டில், 1999 முதல் தரைதட்டி நிற்கும் பழைய கப்பலில் இருக்கும் வீரர்களுக்கு உணவு கொண்டுபோன ரப்பர் படகைக் கத்தியால் கிழித்தார்கள். ஒரு பிலிப்பைன்ஸ் வீரர் கட்டைவிரலை இழந்தார். தம் குடிமகன் ஒருவர் வேண்டுமென்றே கொல்லப்பட்டால் அது போர்ச் செயலுக்கு மிக நெருக்கமானது என்று அதற்குச் சில வாரம் முன்பே அதிபர் மார்கோஸ் எச்சரித்திருந்தார். அடுத்த மாதமே அந்தக் கப்பலுக்கு உணவு அனுப்ப ஒரு தற்காலிக ஏற்பாடு வந்தது. கோடு எங்கே என்று இரு தரப்புக்கும் தெளிந்ததும் பேச்சு நடந்தது.

இந்த முறையில் தவறு நடக்க நிறைய இடமுண்டு. 2025 ஆகஸ்டில் ஸ்கார்பரோ திட்டருகே பிலிப்பைன்ஸ் படகைத் துரத்திய சீனக் கடலோரக் காவல் கப்பலும் சீனப் போர்க்கப்பலும் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டன. இன்னொரு நாட்டுக் கப்பலாக இருந்திருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

கேள்வி: வணிகத்தை ஆயுதமாக்குவது என்கிறார்களே, அது எப்படி நடக்கும்? தண்டனை எவ்வளவு காலம்?

பதில்: தண்டனை என்ற சொல்லே வராது. பூச்சி, கிருமி, தவறான லேபிள், மலிவு விலைக் குவிப்பு என்று ஒரு தொழில்நுட்பக் காரணம் வரும். 2012இல் ஸ்கார்பரோ தகராறு முற்றியபோது பிலிப்பைன்ஸ் வாழைப்பழத்தில் பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. 2010இல் சீனச் சிறையில் இருந்த ஜனநாயகப் போராளி லியூ சியாவ்போவுக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபின் நார்வே சால்மன் மீனுக்குச் சோதனை கடுமையானது. நோபல் குழு நார்வே அரசின் கட்டுப்பாட்டில் இல்லை என்பது எடுபடவில்லை. 2016 டிசம்பரில்தான் உறவு சீரானது.

ஆஸ்திரேலியா கொரோனாவின் தோற்றம் பற்றி விசாரணை கேட்டதும் 2020இல் பார்லிக்கு 80.5 சதவீத வரி, பிறகு ஒயினுக்கு 218 சதவீதம்வரை. இரும்புத் தாதைத் தொடவில்லை, ஏனென்றால் சீன உருக்காலைகளுக்கு அது வேண்டும். தேர்வு எப்போதும் இப்படித்தான்: விற்பவருக்கு வலிக்க வேண்டும், வாங்கும் சீனாவுக்கு வலிக்கக் கூடாது. ஆஸ்திரேலியா பார்லிக்கு வேறு சந்தை தேடியது, உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டது, பேச்சின் தொனியையும் தணித்தது. 2023 ஆகஸ்டில் பார்லி வரியும் 2024 மார்ச்சில் ஒயின் வரியும் நீங்கின. மொத்தம் மூன்று நான்கு ஆண்டு. சரக்கைத் திருப்பிவிட முடிந்தவர் தாங்கினார். ஒயின்காரர்களுக்கு ஈடான சந்தை கிடைக்கவில்லை; பெரும் அடி அவர்களுக்குத்தான்.

அரிய மண் தனிமங்கள் இதன் அடுத்த படி. வாங்க மறுப்பதற்குப் பதில் விற்க மறுப்பது. உலகின் அரிய மண் சுத்திகரிப்பில் சுமார் 90 சதவீதம் சீனாவில். 2025 ஏப்ரல் 4 அன்று டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களுக்கும் அவற்றாலான காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயமானது. வாங்குபவர் அதை எதற்குப் பயன்படுத்துகிறார் என்று சான்று தர வேண்டும். முடிவு வர வாரங்கள் ஆகும். ஒரு மின்வாகன மோட்டாரில் காந்தத்தின் விலை சொற்பம், ஆனால் அது இல்லாமல் மோட்டார் இல்லை. இந்திய வாகன நிறுவனங்களும் அந்தக் கோடையில் திண்டாடின. அக்டோபரில் சீனா கட்டுப்பாட்டை இன்னும் விரித்தது. அக்டோபர் 30 அன்று பூசானில் ட்ரம்ப்–ஷி சந்திப்புக்குப் பின் அந்த விரிவாக்கத்தை ஓராண்டுக்கு நிறுத்தி வைத்தது. ஏப்ரல் விதி அப்படியே நீடித்தது என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

கேள்வி: லத்தீன் அமெரிக்காவிலும் பசிபிக் தீவுகளிலும் சீனாவுக்கு என்ன வேலை?

பதில்: தைவானை அங்கீகரிக்கும் நாடுகளில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன. பனாமா 2017இல், டொமினிகன் குடியரசும் எல் சால்வடாரும் 2018இல், சாலமன் தீவுகளும் கிரிபாட்டியும் 2019இல், நிகரகுவா 2021இல், ஹோண்டுராஸ் 2023இல், நவுரு 2024 ஜனவரியில் என்று ஒவ்வொன்றாக மாறின. பிறகு வணிகம். பெருவின் சான்காய் துறைமுகம் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. 60 சதவீதம் காஸ்கோ என்ற சீன அரசு நிறுவனத்தின் பங்கு. தென் அமெரிக்கச் சரக்கு வடக்கே சுற்றாமல் நேரே ஆசியாவுக்கு வர ஒரு வாசல் அது.

பசிபிக்கில் ஒரு சறுக்கலும் உண்டு. 2022 மே மாதம் பத்துத் தீவு நாடுகளோடு ஒரே மூச்சில் பாதுகாப்பு ஒப்பந்தம் போடப் போன சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீ, வெறுங்கையோடு திரும்பினார். தனித்தனியே பேசியபோது சாலமன் தீவுகள் இசைந்தது. வட்டமாக உட்கார வைத்ததும், எங்களைக் கலந்தாலோசிக்கவில்லையே என்று மறுத்தார்கள். சிறிய நாடுகள் சேர்ந்து உட்கார்ந்தால் சீனாவின் கை தளர்கிறது என்பதை தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகளும் கவனிக்க வேண்டும்.

கேள்வி: ரஷ்யாவும் சீனாவும் உண்மையிலேயே கூட்டாளிகளா?

பதில்: வாங்குபவரும் விற்பவரும். 2022 பிப்ரவரி 4இல் "எல்லையற்ற" நட்பு என்றார்கள். வணிகம் 2023இல் 24,000 கோடி டாலரைத் தொட்டது. ஆனால் இரண்டாவது சைபீரிய எரிவாயுக் குழாய்க்கு ரஷ்யா ஆண்டுக்கணக்கில் கெஞ்சியும் சீனா விலையில் விட்டுக்கொடுக்கவில்லை. மத்திய ஆசியாவில் ரஷ்யாவைத் தொடாமல் கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான் வழியாக ஒரு ரயில்பாதை போடும் வேலை 2024 டிசம்பரில் தொடங்கியது. பழைய சோவியத் தண்டவாள அகலம் 1,520 மில்லிமீட்டர், சீனாவுடையது 1,435. வழியில் எங்கே வண்டி மாற்றுவது என்பதே அங்கே நீண்ட அரசியல் பேச்சாக இருந்தது.

கேள்வி: இந்தியாவோடு இப்போது சமாதானம்தானே? விமானம் பறக்கிறது, கைலாச யாத்திரையும் தொடங்கிவிட்டது.

பதில்: இந்திய, சீனப் படைகளைப் பிரிக்கும் மெய்க் கட்டுப்பாட்டுக் கோட்டில் நடக்க வேண்டியவை மூன்று: நேருக்கு நேர் நிற்கும் படைகள் விலகுதல், பதற்றம் தணிதல், கூடுதலாகக் கொண்டுவந்த படைகள் திரும்பிப் போதல். 2024 அக்டோபர் 21 அன்று கிழக்கு லடாக்கின் டெப்சாங், டெம்சோக் பற்றி வந்த ஏற்பாடு முதலாவதை முடித்தது. மற்ற இரண்டும் மிச்சம். இரு பக்கமும் பல பத்தாயிரம் வீரர்கள் அந்தக் குளிரில் இருக்கிறார்கள். கல்வான், பாங்காங் ஏரி, கோக்ரா பகுதிகளில் யாரும் ரோந்து போகாத இடைவெளி மண்டலங்கள் உண்டு. அங்கே 2020 ஏப்ரலுக்கு முன்பு இந்திய வீரர்கள் நடந்த தடங்கள் இருக்கின்றன.

எல்லையில் அமைதி காக்க 1993, 1996இல் போட்ட ஒப்பந்தங்கள், கல்வானில் மோதல் நடந்த 2020 ஜூன் 15 இரவில் ஏன் உதவவில்லை? 1996 ஒப்பந்தம் கோட்டின் இரு பக்கமும் இரண்டு கிலோமீட்டருக்குள் துப்பாக்கிச் சூட்டைத் தடுத்தது; அதனால்தான் கல்லும் ஆணி அடித்த கம்பும் வந்தன. 20 இந்திய வீரர்களை இழந்தோம். ஆனால் அந்த ஒப்பந்தங்களின் உயிரான வேலை, கோடு எங்கே என்று வரைபடம் மாற்றிக்கொள்வது. நடுப் பகுதிக்கு மட்டும் அது நடந்தது; மேற்குப் பகுதியில் 2002இல் நின்றுபோனது. தெளிவற்ற கோடு வலியவருக்கே வசதி. 3,488 கிலோமீட்டர் எல்லையில் நமக்கு வேண்டிய முதல் காரியம் இந்த வரைபடம் என்பதே எங்கள் கருத்து.

இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024–25இல் சீனாவோடு நமது வணிகப் பற்றாக்குறை 9,900 கோடி டாலருக்கு மேல். வாங்குவதில் பெரும்பகுதி மின்னணு உதிரிபாகம், இயந்திரம், மருந்து மூலப்பொருள். ஒரே நாளில் நிறுத்தினால் நம் ஆலைகள்தான் நிற்கும். பிரம்மபுத்திராவின் மேல் பகுதியான யார்லுங் சாங்போவில், 60,000 மெகாவாட் என்று சொல்லப்படும் நீர்மின் திட்டத்தின் வேலை 2025 ஜூலையில் தொடங்கியது. சிந்து நதிக்குப் பாகிஸ்தானோடு ஒப்பந்தம் போட்டதுபோல் சீனாவோடு நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் எதுவும் இந்தியாவுக்கு இல்லை.

கேள்வி: கூட்டறிக்கைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றைப் படிப்பதில் பயன் உண்டா?

பதில்: தைவான் பத்தியை மட்டும் எடுத்து, அதே நாட்டின் பழைய அறிக்கையோடு ஒப்பிடுங்கள். "தைவான் சீனாவின் பகுதி என்ற சீன நிலைப்பாட்டை அறிந்திருக்கிறோம்" என்பது 1979இல் அமெரிக்கா ஒப்புக்கொண்ட அளவு. "ஏற்கிறோம்" என்பது அடுத்த படி. "மறுஇணைப்புக்குச் சீனா எடுக்கும் எல்லா முயற்சிகளையும் ஆதரிக்கிறோம்" என்பது உச்சம்; 2024 பெய்ஜிங் மாநாட்டில் ஆப்பிரிக்க நாடுகள் அங்கே போய்விட்டன. "எல்லா" என்ற சொல்லுக்குள் படைபலமும் அடங்கும் என்பதை நினைவில் வையுங்கள். யார் எவ்வளவு நெருங்கினார் என்பதைக் கைகுலுக்கும் படம் சொல்லாது, இந்தப் பத்தி சொல்லும். இந்தியா 2010 டிசம்பர் முதல் கூட்டறிக்கைகளில் ஒரே சீனா வாசகத்தைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. காஷ்மீர்காரர்களுக்குச் சீனா கடவுச்சீட்டில் முத்திரையிடாமல் தனித்தாளில் விசா கொடுத்ததற்கு அது பதில்.